காடு பத்தின காணியும், காடு தேடிப் போற பிள்ளைகளும்

“அப்பா, எனக்கு வீடு வாங்க எண்டு சேர்த்து வைச்ச காசைக் காணி வாங்கத் தருவீங்களா?”

போன மாரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள். காணி என்றதும் எனக்கு உள்ளூரச் சந்தோசம். ஊரில் வாங்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். “ஊரில எவடம் பிள்ளை?” என்று கேட்டேன்.

ஊரில் இல்லையாம். வேல்ஸில். மேற்கு வேல்ஸின் ஒரு மலைச்சரிவில், ரோட்டில் இருந்து உள்ளுக்குப் போக வேண்டிய இடம். கரண்ட் இல்லை. பைப் தண்ணி இல்லை. அங்கே மகளும் மருமகனும் தங்கள் கையால் வீடு கட்டி, தோட்டம் செய்து, மிச்சக் காணியைக் காடாக விடப் போகிறார்களாம்.

மகளுக்கு 29 வயது. லண்டனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நல்ல வேலை. அவளைப் படிப்பிக்க நான் பெற்றோல் ஸ்டேசனில் எத்தனை இரவு நின்றிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். கரண்டும் தண்ணியும் இல்லாத இடத்தில் இருந்து தப்பித்தானே இந்த நாட்டுக்கு வந்தோம்? இவள் என்னவென்றால் காசு குடுத்து அதே இடத்துக்குத் திரும்பிப் போகப் பார்க்கிறாள்.

மேசையின் மற்றப் பக்கத்தில் என் அம்மா இருந்தா. 82 வயது. ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தா.

இது ஒரு பிள்ளையின் விசர் இல்லை

மகள் மட்டும்தான் இப்படி என்று முதலில் நினைத்தேன். பிறகு விசாரித்துப் பார்த்தால், இந்த நாட்டில் இது ஒரு பெரிய அலை. ஆங்கிலத்தில் “ரீவைல்டிங்” என்கிறார்கள். மனிதன் திருத்தி வைத்திருந்த நிலத்தைத் திரும்பவும் காட்டின் போக்கில் விடுவது. அதோடு ஒட்டியே இன்னொரு ஆசையும் வருகிறது: கடையையும் கம்பனியையும் நம்பாமல், தன் சாப்பாட்டையும் தன் மின்சாரத்தையும் தானே உண்டாக்கி வாழ்வது.

இரண்டும் ஒன்றில்லை. முதலாவதில் மனிதன் நிலத்தை விட்டு ஒதுங்குகிறான். இரண்டாவதில் நிலத்துக்குள் இறங்குகிறான். ஆனால் இரண்டுக்கும் ஆசைப்படுவது பெரும்பாலும் ஒரே பிள்ளைகள்தான்.

இதைப் பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. மேற்கு லண்டனில் எங்கள் சனம் நிறைய இருக்கிற ஈலிங் பக்கம், கிரீன்ஃபோர்டில், 2023 ஒக்டோபரில் ஐந்து பீவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தோலுக்கும் இறைச்சிக்குமாக வேட்டையாடப்பட்டு, இங்கிலாந்தில் ஏறக்குறைய 400 வருடத்துக்கு முந்தியே அழிந்துபோன பிராணி அது. பல்லால் மரத்தை அரிந்து விழுத்தி, வாய்க்காலை மறித்து அணை கட்டும். மழைத்தண்ணி ஒரேயடியாகப் பாயாமல் தேங்கி மெல்ல மெல்ல இறங்கும். வெள்ளம் குறையும், தவளையும் தும்பியும் வரும். நாங்கள் சாமான் வாங்கப் போகிற கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இது நடக்கிறது. எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

என் மனத்தை மாற்ற வேண்டும் என்று மகள் என்னை ஒருநாள் நெப் என்ற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேற்கு சசெக்ஸில், ஹோர்ஷம் பக்கம் இருக்கிறது. 3,500 ஏக்கர். சார்லி பரல், இசபெல்லா ட்ரீ என்ற தம்பதியின் பரம்பரைக் காணி. இறுகிய களிமண். பால் மாடும் தானியமுமாக எவ்வளவு முயன்றும் நட்டம்தான் வந்தது. 2000 ஆம் ஆண்டளவில் மாடுகளையும் இயந்திரங்களையும் விற்றுவிட்டு, உள்வேலிகளைப் பிடுங்கி, நிலத்தை அதன் பாட்டுக்கு விடத் தொடங்கினார்கள்.

சும்மா விடவில்லை என்பதுதான் விசேசம். பழைய இனத்து நீளக்கொம்பு மாடு, எக்ஸ்மூர் குதிரை, டாம்வர்த் பன்றி, மான் என்று அவிழ்த்து விட்டார்கள். பன்றி மண்ணைக் கிளறும். கிளறின ஈர மண்ணில் சல்லோ என்ற வில்லோ மரம் முளைக்கும். அந்த இலையில்தான் “பர்ப்பிள் எம்பரர்” என்ற அபூர்வ வண்ணத்துப்பூச்சி முட்டை இடும். முட்பற்றை வளர்ந்தால் அதற்குள் ஓக் கன்று மானின் வாயில் படாமல் தப்பும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்தன. மற்ற இடங்களில் குறைந்துகொண்டு போகிற நைட்டிங்கேலும் ஆமைப்புறாவும் அங்கே திரும்பி வந்தன.

2020 இல் அங்கே ஒரு ஓக் மரத்தில் செங்கால் நாரை குஞ்சு பொரித்தது. சத்திமுற்றப் புலவர் தன் மனைவியிடம் தூது விட்டாரே, அந்த நாரை. பிரித்தானியாவில் அது காட்டு வாழ்வில் குஞ்சு பொரித்ததாக அதற்கு முந்திய பதிவு 1416 ஆம் ஆண்டு. மரத்தின் உச்சியில் அந்தக் கூட்டைக் காட்டியபோது மகளின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் எனக்கு வேறொன்று நடந்தது. பாதை ஒரு முட்பற்றைக்குள்ளால் போனது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு முள்ளு. என் நெஞ்சு படக்குப் படக்கென்று அடிக்கத் தொடங்கியது. இந்த இடத்தை எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

எங்கட காணியும் காடாகினதுதான்

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கு. 1990 இல் எழும்பி ஓடினோம். பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம். என்னை அடுத்த வருடம் லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இடம் மாறி மாறி இருந்து, 1995 இடப்பெயர்வோடு வன்னிக்குப் போனார்கள்.

எங்கள் காணி விடுபட்டது 2018 இல். 28 வருடத்துக்குப் பிறகு. நான் போய்ப் பார்த்தேன். கூரை இல்லை. குசினி இருந்த இடத்தில் ஆலமரம், வேர் சுவரைப் பிளந்துகொண்டு நின்றது. முற்றம் எது, வெங்காயத் தோட்டம் எது என்று தெரியாத அளவுக்கு முட்பற்றை. புற்று. கிணற்றுக்குள் மரம். மயில் கூவினது. சின்ன வயதில் எங்கள் ஊரில் நான் மயில் கண்டதே இல்லை.

நெப்பில் சனம் நுழைவுச்சீட்டு எடுத்துப் பார்க்கிற காட்சி அது. நாங்கள் பெக்கோ பிடித்து, நாள்கூலிக்கு ஆள் பிடித்து அதைத் துப்புரவாக்கினோம். “காடு பத்திப் போச்சு” என்று ஊரில் சொல்வார்கள். எங்களுக்கு அது இழவு வீட்டுச் சொல். ஆள் இல்லை, விளக்கு வைக்க ஒருவரும் இல்லை என்று அர்த்தம்.

திரும்பி வருகிற வழியில் காரில் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா, நீங்க இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?” என்றாள். சொல்லவில்லைத்தான். பிள்ளைகளுக்கு ஏன் அந்தக் கதை என்று விட்டுவிட்டோம். பிறகு பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று குறை சொல்கிறோம்.

அம்மாவின் மூன்று கேள்வி

அன்று இரவு அம்மா வாய் திறந்தா. வன்னியில் பொருளாதாரத் தடைக் காலத்தை வாழ்ந்து முடித்தவ அவ. 1990 களின் அந்தத் தடையை எங்கள் தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், மருந்து, சீமெந்து என்று வடக்குக்குப் போகும் சாமான்கள் தடுக்கப்பட்டன, இல்லாவிட்டால் கட்டுப்படுத்தப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு. சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி. சவர்க்காரம் இல்லை, பனம்பழக் களியில் உடுப்புத் தோய்ப்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோ கரண்டில் றேடியோச் செய்தி. ஒடியல் கூழ், முருங்கை இலை, வீட்டுக் கோழி.

இன்றைக்கு ஐரோப்பாவில் பிள்ளைகள் காசு கட்டிப் படிக்கிற பாடம் இதெல்லாம். அம்மா இதில் பட்டம் எடுத்தவ. ஆனால் ஒருநாளும் இதைப் பெருமையாகச் சொன்னதில்லை. ஏனென்றால் அந்தக் காலத்தில்தான் அப்பா போனார். 1997, மல்லாவி. மலேரியா. நேரத்துக்கு மருந்து கிடைக்கவில்லை. எனக்குக் கடிதம் வந்து சேர மூன்று கிழமை. நான் இரவு வேலை முடிந்து வந்து, சப்பாத்தும் கழற்றாமல் அந்தக் கடிதத்தைப் படித்தேன்.

அம்மா மகளை அருகில் இருத்தி மூன்று கேள்வி கேட்டா.

“தனியவா போறியள்?”

“காய்ச்சல் வந்தா ஆர் தூக்கிக்கொண்டு போறது?”

“அந்தக் காணியில முந்தி ஆர் இருந்தவை?”

ஆயிரம் பக்கப் புத்தகம் எழுதினாலும் இந்த விசயத்தில் இதைவிடக் கூடக் கேட்க முடியாது என்று எனக்குப் படுகிறது.

தனியவா?

முதல் திட்டத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான். காட்டுக்குள் ஒரு வீடு, ஒரு சோடி, ஒரு நாய் என்பதுதான் இந்த ஆசையின் வழக்கமான படம்.

அம்மா சிரிச்சா. “வன்னியில தனிய இருந்தவன் முதல் மாரியிலயே செத்துப் போயிருப்பான்” என்றா. விளக்குக்கு எண்ணெய் இல்லாத இரவில் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரு விளக்கைச் சுற்றி இருந்து படித்தார்கள். ஒரு கிணறு பத்து வீட்டுக்கு. ஒருவரின் மாட்டில் பால், இன்னொருவரின் தோட்டத்தில் மரவள்ளி. சுயசார்பு என்று நாங்கள் சொன்னது ஒருநாளும் ஒரு ஆளின் சார்பு இல்லை.

வேல்ஸிலும் நின்றுபிடித்தவர்கள் இதைத்தான் செய்திருக்கிறார்கள். பெம்புரோக்ஷயரில் லாமாஸ் என்ற சிறு கிராமம் இருக்கிறது. பழைய மேய்ச்சல் நிலத்தில் ஒன்பது குடும்பத்துக்கு 2009 இல் அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் துண்டு, ஆனால் ஓடுகிற தண்ணியில் மின்சாரம் எடுக்கிற இயந்திரம் பொது.

அதற்கு அடுத்த வருடம், 2010 இல், வேல்ஸ் அரசாங்கம் “ஒன் பிளானட்” என்ற திட்டக் கொள்கையைக் கொண்டுவந்தது. சாதாரணமாக வெளிநாட்டுப்புறத்தில் புதிதாக வீடு கட்ட விடமாட்டார்கள். இந்தக் கொள்கையில் விடுவார்கள், ஆனால் சும்மா இல்லை. ஐந்து வருடத்துக்குள் குடும்பத்தின் உணவுத் தேவையில் குறைந்தது 65 சதவீதம் அந்த நிலத்தால் கிடைக்க வேண்டும். அதில் 30 சதவீதமாவது அங்கேயே விளைய வேண்டும், மிச்சத்தை விளைந்ததை விற்றோ மாற்றியோ எடுக்கலாம். வருடா வருடம் உள்ளூராட்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆசைப்பட்டவர் எல்லாருக்கும் ஏலுகிற காரியம் இல்லை இது.

மகள் இப்போது இன்னும் இரண்டு குடும்பத்தோடு சேர்ந்திருக்கிறாள். ஒருவர் தச்சர். இன்னொருவர் தாதி. தாதி என்றதும் அம்மாவின் முகம் தெளிந்தது.

காய்ச்சல் வந்தால்?

இயற்கை தாய் என்று மேடையில் சொல்வது சுகம். நுளம்பும் இயற்கைதான். அப்பாவைக் கொண்டுபோனதும் இயற்கைதான். ஊரில் நாங்கள் இயற்கையோடு ஒன்றி வாழ்ந்தோம் என்று கலியாண வீட்டில் கதைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாங்கள் உரத்தையும் நஞ்சையும் அள்ளித்தான் போட்டோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றுத் தண்ணிக்குள் இறங்கி, பல இடங்களில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சிக் கிடக்கிறது. பழைய காலம் எல்லாம் பொற்காலம் இல்லை.

மகளின் பதில் எனக்குப் பிடித்திருந்தது. “அப்பம்மா, நான் நாட்டை விட்டுப் போகேல்ல. கார் இருக்கும். டொக்டர் 20 நிமிசத்தில. ஆஸ்பத்திரி இலவசம்.”

அம்மா யோசிச்சுப்போட்டுச் சொன்னா: “அப்ப அது தனிச்சு வாழுறது இல்ல, நாட்டோட சேர்ந்து வாழுறது. அது நல்லது.”

இதில்தான் இந்தப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் கரண்டை விடுகிறார்கள். எங்களிடம் இருந்து கரண்டைப் பிடுங்கினார்கள். இரண்டிலும் எரிவது ஒரே விளக்காக இருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றால் திரும்பி வரலாம் என்ற வழி ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இருக்கவில்லை. அந்த வழி இருக்கிறது என்பதற்காக மகளைக் குறைசொல்ல நான் ஆயத்தமில்லை. அந்த வழியை அவளுக்குத் திறக்கத்தானே நாங்கள் இங்கே வந்தது.

முந்தி ஆர் இருந்தவை?

மூன்றாவது கேள்விக்கு மகளிடம் உடனே பதில் இருக்கவில்லை. அதனால் மூன்று பேரும் வேல்ஸுக்குப் போனோம், அம்மாவைக் காரின் முன்சீற்றில் இருத்திக்கொண்டு.

பக்கத்துக் காணிக்காரர் செம்மறி வளர்ப்பவர். என் வயதுதான் இருக்கும். மருமகன் “ரீவைல்டிங்” என்ற சொல்லை எடுத்ததும் அவருடைய முகம் இறுகிவிட்டது. ஏன் என்று பிறகு விளங்கியது. மத்திய வேல்ஸில் மலையில் இருந்து கடல் வரை இயற்கையை மீட்கப் போகிறோம் என்று “சமிட் டு சீ” என்ற ஒரு பெரிய திட்டம் வந்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்துக்குத் திட்டமா என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். 2019 ஒக்டோபரில் “ரீவைல்டிங் பிரிட்டன்” அமைப்பு அதில் இருந்து விலகியது.

“இந்த மலையில எங்கட பாசை ஆட்டோடயும் பட்டியோடயும்தான் உயிரோட இருக்குது. ஆடு போனா, குடும்பம் போகும். குடும்பம் போனா, பாசை போகும்” என்ற பொருளில் அவர் சொன்னார். 1965 இல் லிவர்பூல் நகரத்துத் தண்ணிக்காக ட்ரிவெரின் பள்ளத்தாக்கில் கப்பெல் கெலின் என்ற வெல்ஷ் கிராமம் மூழ்கடிக்கப்பட்ட கதையையும் அவர்தான் சொன்னார். நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா அந்த மனிசனின் கையைப் பிடித்துக்கொண்டா. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீசே மட்டுமட்டு.

காடு நல்லது. ஆனால் ஆரின் காணியில் காடு என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது. இதை எங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். மன்னார் முசலிப் பக்கத்தில் அவர்களின் ஊர்கள் காடு பத்தின. போர் முடிந்து திரும்பி வந்து பற்றையை வெட்டினால், காடு அழிக்கிறார்கள் என்று தெற்கில் கூச்சல். 2017 இல் அந்தப் பகுதிகளை மாவில்லு பாதுகாக்கப்பட்ட வனம் என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். எங்கள் காணியில் வளர்ந்த ஆலமரத்தைப் பார்த்து அழுத நாங்கள், அவர்களின் காணியில் வளர்ந்த மரத்தைப் பற்றி எவ்வளவு கதைத்தோம்?

மகளும் கூட்டாளிகளும் இப்போது திட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். காணியின் ஒரு பகுதியில் பக்கத்துக்காரரின் ஆடு வழமைபோல மேயும். ஓடைக்கரையை மட்டும் வேலி போட்டுக் காடாக விடுவார்கள். அவரிடமே கேட்டுத்தான் எந்த இடம் என்று முடிவு செய்தார்கள். மகள் வெல்ஷ் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். தமிழ் வகுப்புக்கு அனுப்ப நான் எவ்வளவு மன்றாடினேன் என்பது வேறு கதை.

காசு விசயம்

எங்கள் சனத்துக்குள் இப்படி ஒரு பிள்ளை கிளம்பினால் இரண்டு விதமாகத்தான் கதைக்கிறோம். “படிச்ச பிள்ளைக்கு என்ன விசர்” என்று ஒரு பக்கம். “பார், வெள்ளைக்காரனே எங்கட பழைய வாழ்க்கைக்கு வாறான்” என்று மற்றப் பக்கம். இரண்டும் பிள்ளைக்கு உதவாது. எங்கள் வாழ்க்கையில் கையில் எடுத்துக் குடுக்கக்கூடியது நிறைய இருக்கிறது: எதை எப்படிக் காய வைத்துப் பழுதாகாமல் வைப்பது, தண்ணியை எப்படி அளந்து பாவிப்பது, அயலோடு எப்படிச் சண்டை பிடித்தும் ஒன்றாக இருப்பது. அதோடு அதற்கு நாங்கள் குடுத்த விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளை காட்டுக்குப் போனாலும் கண்ணைத் திறந்துகொண்டு போகும்.

காசு குடுத்துவிட்டேன். முழுவதும் இல்லை, பாதி. மற்றப் பாதி வங்கியில் கிடக்கட்டும், சரிவராவிட்டால் திரும்பி வர என்று அம்மாதான் சொன்னா. மகள் கோவிக்கவில்லை.

போன கிழமை மகள் வந்திருந்தாள். வெறும் ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி மேசையில் வைத்து, “அப்பம்மா, அந்த விளக்குச் செய்யிறதைக் காட்டுங்கோ” என்று கேட்டாள்.

அம்மா போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைச்சா.

“சோலார் போடு பிள்ளை. உந்த விளக்கில கண்ணைக் கெடுத்தது நாங்களே காணும். வா, கூழ் காய்ச்சக் காட்டுறன்.”